அலங்கார வாத்துகள்: இனவிருத்தி, பொரிப்பு, விலை

அலங்கார வாத்துகள் என்பன, முட்டைக்காகவோ மாமிசத்திற்காகவோ அன்றி, இறகின் வர்ணத்திற்காகவும் உடலின் வடிவத்திற்காகவும் நீர்நிலைக்கு அவை அளிக்கும் சோபைக்காகவும் மனிதர் பேணி வளர்க்கும் நீர்ப்பறவைகளாகும். இவற்றை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்வது வழக்கம். கிழக்காசியாவின் மாண்டரின் வாத்து, வட அமெரிக்காவின் கரோலினா வாத்து முதலியவற்றைப் போல, இயற்கையில் எவ்வுருவில் உள்ளனவோ அவ்வுருவிலேயே கூண்டிலும் குளத்திலும் பெருகிவரும் காட்டினங்கள் ஒரு பிரிவு. மல்லார்டு எனப்படும் பச்சைத்தலைக் காட்டுவாத்தின் சந்ததியில் தோன்றி, பல நூற்றாண்டுகளாக மனிதன் செய்துவந்த தேர்வினால் உருவும் நிறமும் மாறிப்போன வீட்டினங்கள் மற்றொரு பிரிவு. அழைப்பு வாத்து, கொண்டை வாத்து, கிழக்கிந்திய வாத்து, கயூகா முதலியவை இதில் அடங்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மஸ்கோவி ஒன்றைத் தவிர, உலகில் வளர்க்கப்படும் வீட்டு வாத்துகள் யாவும் மல்லார்டின் வழித்தோன்றல்களே.

இப்பறவைகளின் விலையை அவற்றின் அழகே நிர்ணயிக்கிறது என்று பார்ப்போர் எண்ணுவது இயல்பு. ஆயினும் பல பருவங்கள் இவற்றைப் பொரித்து ஆளாக்கியவர்களின் அனுபவம் வேறாக இருக்கிறது. மிக அழகிய பறவையாகிய மாண்டரின், கூண்டில் எளிதில் பெருகுவதால், மேலைநாடுகளில் சாதாரணக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க விலையில் கிடைக்கிறது. அதைவிட மங்கிய நிறமுடைய எத்தனையோ இனங்கள், முட்டையிட மறுப்பதாலும் குஞ்சுப் பருவத்தில் மடிவதாலும், பன்மடங்கு விலை பெறுகின்றன. ஒரு வாத்தின் விலை பெரும்பாலும் அதன் முட்டைக்குள்ளேயே தீர்மானிக்கப்படுகிறது என்பதே உண்மை. ஆதலால் விலையைப் பற்றிப் பேசுமுன் பொரிப்பைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது.

வரலாறு

நீர்ப்பறவைகளை அழகுக்காக வளர்க்கும் வழக்கம் சீனத்திலும் ஜப்பானிலும் தொன்மையானது. ஐரோப்பாவில் அது பிரபுக்களின் பொழுதுபோக்காகத் தொடங்கிற்று. இங்கிலாந்தின் நோஸ்லி மாளிகையில் 13ஆம் டெர்பி பிரபு அமைத்திருந்த விலங்கு, பறவைத் தொகுதி அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. 1851இல் அவர் காலமானதும் அத்தொகுதி ஏலத்தில் கலைக்கப்பட்டது. 1905 முதல் 1916 வரை பிரிட்டனின் வெளிநாட்டு அமைச்சராக விளங்கிய எட்வர்டு கிரே, நார்தம்பர்லாந்தில் உள்ள தம் ஃபாலடன் இல்லத்துக் குளங்களில் மாண்டரினையும் கரோலினாவையும் சிறகு வெட்டாமல் சுதந்திரமாகப் பறக்கவிட்டு வளர்த்தார். உலக யுத்தத்தின் தலைவாசலில் நின்ற அந்த ராஜதந்திரிக்கு அக்குளங்கள் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகித்தறியலாம். பிரான்ஸில் நார்மண்டியைச் சேர்ந்த கிளேர் என்னும் இடத்தில் ழான் தெலக்கூர் நிறுவிய பறவைத் தோட்டமும், பீட்டர் ஸ்காட் 1946இல் ஸ்லிம்பிரிட்ஜில் தொடங்கிய நீர்ப்பறவை அறநிலையமும் இத்துறையைப் பொழுதுபோக்கு நிலையிலிருந்து சாஸ்திர நிலைக்கு உயர்த்தின. தெலக்கூர் எழுத, ஸ்காட் வர்ணப் படங்கள் தீட்டிய நான்கு தொகுதிப் பெருநூல் 1954 முதல் 1964 வரையில் வெளிவந்து, இன்றளவும் வளர்ப்போரின் கைந்நூலாக விளங்குகிறது.

கூண்டில் இனம் பெருக்கும் கலை எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இரண்டு பறவைகளின் கதைகளே போதும். கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதிகளில் வாழ்ந்த இளஞ்சிவப்புத்தலை வாத்து, கல்கத்தா வழியாகக் கிளேருக்கும், இங்கிலாந்தில் ஆல்பிரட் எஸ்ரா என்பவரின் ஃபாக்ஸ்வாரன் பூங்காவுக்கும் சென்றது. அங்கே அவை ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்ந்தும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அப்பறவையைப் பற்றிய உறுதியான பதிவு ஒன்றும் இல்லை. அதற்கு மாறாக, ஹவாய்த் தீவுகளில் ஏறக்குறைய முப்பதாகக் குறைந்துவிட்ட நேனே என்னும் பெருவாத்தை 1950இல் ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்தபோது, ஜோடி என்று வந்த இரண்டும் அடுத்த வசந்தத்தில் முட்டையிட்டு, இரண்டும் பெட்டையே என்று தெரிவித்தன. உடனே ஆண் ஒன்று விமானத்தில் வரவழைக்கப்பட்டது. அதன் சந்ததி பெருகி, 1962இல் ஹவாய்க்கே திருப்பி அனுப்பப்பட்டது. பால் அறிவதில் பிழை எவ்வளவு பெரிய நிலையத்திலும் நேரக்கூடும் என்பதையும், ஒரு பருவம் தவறினால் இழப்பு எத்தகையது என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகிறது.

முக்கியமான இனங்கள்

மாண்டரின் சீனம், கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் தூரக் கிழக்கு ஆகிய பிரதேசங்களின் காட்டோர நீர்நிலைகளில் வாழ்வது, மரப்பொந்தில் முட்டையிடுவது. ஆணின் முதுகில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு ஆரஞ்சு நிற இறகுகள் வேறெந்த வாத்திலும் காணக் கிடையாதவை. சீனத்தில் இது தம்பதியரின் அன்பிற்குச் சின்னமாகப் போற்றப்படுகிறது. நம் நாட்டுக் காவியங்களில் சக்கரவாகம் பெற்றிருக்கும் இடம் அங்கே இதற்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை அடைந்த இப்பறவை, வளர்ப்பிடங்களிலிருந்து தப்பி, தென்கிழக்கு மாவட்டங்களில் காட்டுப்பறவையாகவே நிலைபெற்று, 1971இல் அந்நாட்டுப் பறவைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கரோலினா இதன் நெருங்கிய உறவினம். வட அமெரிக்காவில் வேட்டையாலும் காடழிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போய், 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பாலும், பின்னர் 1930களில் தொடங்கிப் பரவிய மரப்பெட்டிக் கூடுகளாலும் மீண்டும் பெருகிய பறவை இது. அக்காப்புப் பணியில் கண்டறிந்த பெட்டியின் அளவே இன்றும் வளர்ப்போர் கையாளும் அளவாகும். இவ்விரண்டையும் ஒரே குளத்தில் வளர்க்கலாம். மாண்டரின் பிற இனங்களோடு கலப்பது மிக அரிது. கரோலினாவோ பல வாத்தினங்களுடன் கலந்து கலப்புக் குஞ்சுகளைத் தரும் இயல்புடையதாதலால், அதன் அண்டையில் எவற்றை விடுகிறோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும்.

வீட்டினங்களில் அழைப்பு வாத்து தலைமை வாய்ந்தது. ‘கால் டக்’ என்ற பெயரில் சந்தையில் வழங்குவது இதுவே. ஹாலந்தில் வளைந்த வலைக்கால்வாய்கள் கொண்ட கண்ணிக்குளங்களில், தன் உரத்த குரலால் காட்டுவாத்துகளைக் கவர்ந்திழுக்கப் பயன்பட்ட பறவை அது. 1865இல் வெளிவந்த பிரிட்டிஷ் கோழியினத் தர நூலிலேயே இதற்கு இலக்கணம் வகுக்கப்பட்டது. வட்டமான தலை, அகன்று குறுகிய அலகு, திரண்ட சிறு உடல் ஆகியவை இதன் லட்சணங்கள். ஆண் 600 முதல் 700 கிராமும், பெட்டை 500 முதல் 600 கிராமும் இருத்தல் வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரம். கிழக்கிந்திய வாத்து கருமையில் பச்சை ஒளி வீசுவது. அதைப்போன்றே நிறமுடைய பெரிய இனமான கயூகா நியூயார்க் மாநிலத்து ஏரியொன்றின் பெயரைத் தாங்கியது. இவ்விரண்டும் பருவத்தின் தொடக்கத்தில் கரிபூசிய ஓடுடைய முட்டைகளை இட்டு, நாள் செல்லச் செல்ல வெண்முட்டைகளுக்கு மாறுவதைக் கண்டு புதியோர் நோயென்று அஞ்சுவதுண்டு, அச்சத்திற்குக் காரணமில்லை.

ஜோடி சேர்த்தலும் பரம்பரையும்

காட்டினங்களை ஓர் ஆணுக்கு ஒரு பெட்டையாக வைப்பதே முறை. அழைப்பு வாத்து முதலிய வீட்டினங்களில் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெட்டைகள் இருக்கலாம். ஆண்கள் மிகுந்தால் பெட்டைகள் துன்புறுத்தப்பட்டுக் காயமடையும். பெட்டைகளுக்கு முட்டைப் பருவத்திற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே 16 முதல் 18 சதவிகிதம் புரதமும் சுமார் 3 சதவிகிதம் சுண்ணாம்புச் சத்தும் அடங்கிய தீவனம் அளித்தல் வேண்டும். கொழுத்த பெட்டையின் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவதோடு கூமுட்டைகளாகவும் போகும்.

அழகைத் தேடும் வளர்ப்பு எங்கே தன் எல்லையைத் தொடுகிறது என்பதைக் கொண்டை வாத்து தெளிவாகக் காட்டுகிறது. தலையில் பஞ்சுருண்டை தோன்றச் செய்யும் காரணி தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒருங்கே வந்தால், அந்தக் கரு ஓட்டுக்குள்ளேயே மடிகிறது. கொண்டையுடைய இரண்டைச் சேர்த்தால், கருவுற்ற நூறு முட்டைகளில் ஏறக்குறைய இருபத்தைந்து மடிந்து, ஐம்பது கொண்டையுடனும் இருபத்தைந்து கொண்டையின்றியும் பொரிக்கும். கொண்டையுள்ளதைக் கொண்டையற்றதோடு சேர்த்தால், மடிவது ஒன்றுமில்லாமல், ஐம்பது கொண்டையுடனும் ஐம்பது கொண்டையின்றியும் கிடைக்கும். முதல் முறையால் கொண்டைக் குஞ்சு ஒன்றேனும் அதிகமாகக் கிடைப்பதில்லை என்பதும், கால்பங்கு உயிர்கள் வீணே அழிகின்றன என்பதும் இக்கணக்கால் விளங்கும். பிழைத்த கொண்டை வாத்துகளிலும் சிலவற்றின் மண்டையோடு முழுதும் மூடாமல் இருப்பதும், நடை தடுமாறுவதும் உண்டு. இவ்வினத்தை வளர்க்க வேண்டுமா என்பதே சிந்தித்துத் துணிய வேண்டியதொன்று; வளர்ப்பவர் இரு கொண்டைகளைச் சேர்க்காதிருத்தல் குறைந்தபட்சக் கடமை.

நிறங்களின் கணக்கு இத்துணைக் கொடியதன்று. நீலநிறம் அதற்கான காரணி தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் வரும்போது தோன்றுவதால், இரு நீல வாத்துகளின் குஞ்சுகளில் கால்பங்கு கறுப்பும், பாதி நீலமும், கால்பங்கு வெளிறிய வெள்ளி நிறமுமாகப் பிறக்கும். நீலமே வேண்டுவோர் கறுப்பையும் வெள்ளியையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் நீலமாகவே வரும். வெள்ளை மாண்டரினின் நிறம் மறைகுணம். வெளிக்குச் சாதாரண நிறமாக இருந்தும் உள்ளே அக்குணத்தைத் தாங்கிய இரண்டைச் சேர்த்தால், நான்கில் ஒன்றே வெள்ளையாகும். ஆதலால் உள்ளே தாங்கிய பறவைக்கும் சந்தையில் தனி விலை உண்டு. ஆனால் அதை விற்பவரின் வாய்ச்சொல்லன்றி வேறெதனாலும் வாங்குபவர் அறிய இயலாது.

கூடு, முட்டை

பொந்தில் முட்டையிடும் இனங்களுக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் ஆழமும், உள்ளே 25 சென்டிமீட்டர் சதுரமும், 10 சென்டிமீட்டர் அகலமும் 7.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வாயிலும் உடைய மரப்பெட்டியை நீரோரத்தில் உயர்த்தி நிறுத்துவது போதும். வாயிலுக்குக் கீழே உட்பக்கத்தில் பலகையைச் சொரசொரப்பாக்கியோ கம்பிவலை அடித்தோ வைக்க மறக்கலாகாது. இல்லையெனில் பொரித்த குஞ்சுகள் ஏறி வெளிவர மாட்டாமல் உள்ளேயே மாளும். அடியில் மரத்தூளும் சீவலும் இடுதல் வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோல் நுரையீரல் நோய்க்கு வித்தாகும்.

மாண்டரின் ஒரு தடவைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இடும். முதல் ஈட்டை எடுத்துப் பொரிப்பானில் வைத்துவிட்டால், பெட்டை மீண்டும் ஓர் ஈடு இடுவது பெரும்பான்மை. இந்த இரண்டாம் ஈடே வளர்ப்போருக்கு லாபத்தைத் தருவது. வீட்டு வாத்துகள் பெரும்பாலும் விடியலில் முட்டையிடுவனவாதலால், காலை எட்டு மணி வரை அடைத்து வைத்துப் பின் திறந்துவிட்டால், சேற்றிலும் நீரிலும் முட்டைகள் வீணாகா. சேறு படிந்த முட்டையின் நுண்துளைகள் வழியே கிருமிகள் புகுந்து, பொரிப்பானில் அது அழுகி வெடித்து அண்டை முட்டைகளையும் கெடுக்கும். கழுவ நேர்ந்தால் முட்டையைவிட வெதுவெதுப்பான நீரிலேயே கழுவ வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். எடுத்த முட்டைகளைச் சுமார் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில், கூர்முனை கீழாக, நாள்தோறும் சாய்வை மாற்றி வைக்கலாம். ஏழு நாட்களுக்கு மேற்பட்டால் பொரிக்கும் விகிதம் நாளுக்கு நாள் குறையும்.

அடைகாத்தலும் பொரிப்பும்

மல்லார்டு வழி வந்தவற்றுக்கு இருபத்தெட்டு நாட்களும், அழைப்பு வாத்துக்கு அதைவிட ஓரிரு நாள் குறைவாகவும், மாண்டரினுக்கு இருபத்தெட்டு முதல் முப்பது நாட்களும், மஸ்கோவிக்கு முப்பத்தைந்து நாட்களும் அடைக்காலம். தாயின் வயிற்றுச் சூட்டுக்கு நிகரானது வேறில்லை என்பது அனுபவஸ்தர் ஒருமித்துக் கூறுவது. வீட்டு வாத்துகளிற் பல அடைகாக்கும் இயல்பையே இழந்துவிட்டன. தமிழ்நாட்டில் அறுவடையான வயல்களில் மேய்க்கப்படும் நாட்டு வாத்துகளும் அவ்வாறே இருத்தலால், அவற்றின் முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரிப்பதே கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் முறை. சீனத்திலோ சூடாக்கிய நெல்லையும் உமியையும் கொண்டு, விளக்கும் மின்சாரமும் இன்றி, பல்லாயிரம் வாத்து முட்டைகளைப் பொரித்து வந்தனர். அழைப்பு வாத்து இந்த இயல்பை இழக்காமல் தானே நன்றாக அடைகாக்கிறது. மஸ்கோவியும், பட்டுக்கோழி முதலிய சிறு கோழிகளும் செவிலித்தாயராகச் சிறந்தவை. தொடக்கத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் அடைக்கோழியின் கீழ் வைத்து, பிறகு பொரிப்பானுக்கு மாற்றுவது அரிய முட்டைகளுக்குப் பலர் கையாளும் நடுவழி. கரு உருவாகி நிலைக்கும் அந்நாட்களில் தாய்ச்சூட்டின் பயன் பெரிது.

காற்றோட்ட விசிறியுள்ள பொரிப்பானில் உஷ்ணம் 37.5 டிகிரி என நிலையாக இருத்தல் வேண்டும். விசிறியற்றதில் மேற்பரப்பிற்கும் அடிப்பரப்பிற்கும் வேறுபாடு இருப்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 அல்லது அதற்குச் சற்று மேலாக வைப்பர். முட்டைகளை நாள்தோறும் ஐந்து தடவையேனும் புரட்ட வேண்டும். கையால் புரட்டுவோர் ஒற்றைப்படை எண்ணிக்கையில் புரட்டினால், நீண்ட இரவு நேரத்தில் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு பக்கம் மேலாகும். முதல் வாரத்திற்குப் பின் நாளுக்கொரு தடவை கால்மணி நேரம் திறந்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரை மெல்லத் தெளிப்பது நலம் பயக்கும். இரை தேடக் கூட்டைவிட்டுச் சென்று நனைந்த இறகோடு திரும்பும் தாயின் செயலையே இது பின்பற்றுகிறது.

ஈரத்தைப் பற்றிய சர்ச்சைக்கு முடிவே இல்லை. இருபத்தைந்தாம் நாள் வரையில் 55 சதவிகிதத்தை ஒட்டியும், பொரிக்கும் நாட்களில் 75க்கு மேலும் என்பது பொது விதி. ஆயினும் ஊருக்கு ஊர், ஓட்டின் தடிப்புக்குத் தடிப்பு இது மாறும். அளவுமானியை மட்டும் நம்பாமல் முட்டையின் எடையை நம்புவதே அறிவுடைமை. அடைவைத்த நாள் முதல் ஓடு கொத்தும் நாள் வரையில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 14 சதவிகிதத்தை நீராவியாக இழந்தாக வேண்டும். 50 கிராம் முட்டையானால் 7 கிராம். இருபத்தாறு நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குக் கால் கிராமுக்குச் சற்று அதிகம். வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்த்து, இழப்பு குறைவாயின் ஈரத்தைக் குறைத்தும், மிகையாயின் கூட்டியும் சரிசெய்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு வீங்கி, திரும்ப இடமின்றி முட்டைக்குள் திணறி இறக்கும்; ஈரம் குறைந்தால் உட்சவ்வு காய்ந்து குஞ்சைப் பிணித்துவிடும். ஏழாம் நாள் இருளில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கருவுற்றதில் சிவந்த நரம்புகள் கிளைவிட்டு ஓடுவதும், கூமுட்டை ஒன்றுமின்றித் தெளிந்திருப்பதும் விளங்கும். கூமுட்டைகளை அன்றே அகற்றிவிடுதல் வேண்டும்.

பொரிப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன் புரட்டுவதை நிறுத்தல் வேண்டும். குஞ்சு முதலில் உட்சவ்வைத் துளைத்துக் காற்றறையில் அலகை நீட்டி, தன் நுரையீரலால் முதல் மூச்சை இழுக்கிறது. பின்பே ஓட்டைக் கொத்துகிறது. ஓட்டில் முதல் விரிசல் கண்ட பிறகு வெளிவர இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகலாம். அந்த நீண்ட அமைதியில் குஞ்சு சும்மா இருப்பதில்லை. எஞ்சிய மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், சவ்விலுள்ள ரத்தத்தை உடலுக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. இரக்கத்தால் அவசரப்பட்டு ஓட்டைப் பிரிப்பவர் ரத்தக் குழாய்களைக் கிழித்து, பிழைக்க இருந்த குஞ்சைக் கொன்றுவிடுகிறார்.

இவ்விடத்தில்தான் அழைப்பு வாத்தின் துயரம் இருக்கிறது. காட்சிக்கூடத்துப் பரிசுக்காக அலகைக் குறுக்கிக் குறுக்கி, தலையை உருட்டி உருட்டித் தேர்ந்ததன் விளைவாக, அலகு உட்சவ்வையும் ஓட்டையும் எட்டித் துளைக்க மாட்டாத குஞ்சுகள் பல உண்டாகின்றன. முழு வளர்ச்சி பெற்று, கடைசி நாளில் ஓட்டுக்குள் இறந்து கிடக்கும் குஞ்சுகள் இவ்வினத்தில் மிகுதி. அனுபவமிக்கோர் விளக்கொளியில் காற்றறையைக் கவனித்து, உரிய நேரம் கடந்தும் சவ்வு துளைக்கப்படாவிடில், காற்றறைக்கு மேலே ஊசிமுனையளவு துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்து காப்பாற்றுவர். இக்கலை போற்றத்தக்கதே, ஆயினும் அவ்வாறு காப்பாற்றப்பட்ட குஞ்சின் குறுகிய அலகு அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது என்பதை நினைக்கும்போது, நடுவர்களின் ரசனையே மாற வேண்டும் என்று தோன்றுகிறது. விவேகமுள்ள வளர்ப்போர் மிகச் சிறிய பெட்டைகளை முட்டைக்கு வைப்பதில்லை. அவை குறைவாக இடுவதோடு, முட்டை வழியில் சிக்கி உயிரிழக்கவும் கூடும். காட்சித் தரத்துக்குச் சற்றுப் பெரிய, அலகு சிறிது நீண்ட பெட்டையைச் சிறிய ஆணோடு சேர்ப்பதே அவர்கள் வழி. பரிசே பெறாத அந்தப் பெட்டைதான் அவர்களது மந்தையின் மூலதனம்.

குஞ்சு வளர்ப்பு

முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பமும், பிறகு வாரத்திற்குச் சுமார் 3 டிகிரி குறைவுமாகக் கொடுத்துவர வேண்டும். பொரிப்பானில் பிறந்த குஞ்சுக்குத் தாயின் இறகிலிருந்து படியும் எண்ணெய்ப்பசை கிடைப்பதில்லை. நீந்தவிட்டால் நனைந்து விறைத்துவிடும். அலகு நனையுமளவு ஆழமுள்ள தண்ணீர்க் கலம் முதல் நாட்களுக்குப் போதும். தீவனத்தில் 18 முதல் 20 சதவிகிதம் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் நியாசின் வாத்துக்குப் போதாதாகையால், அதைச் சேர்க்காவிடில் கால்கள் வளைந்துபோகும். மூன்றாம் வாரத்துக்குப் பின் புரதத்தைக் குறைத்துவிடுவது நல்லது; வேகமாக வளர்ந்த சிறகின் பாரத்தால் அதன் நுனி வெளிப்புறமாகத் திரும்பிவிடும் ஊனம் அப்போதுதான் தவிரும்.

மாண்டரின், கரோலினாக் குஞ்சுகள் தனிப்போக்குடையவை. பிறந்த மறுநாளே பொந்திலிருந்து குதிக்கும் இயல்புடையவையாதலால், பெட்டியின் சுவரில் ஏறித் தப்ப முயன்றே சோர்ந்து மடிவதுண்டு. மேலே வலையிட்டு மூட வேண்டும். சிலநாள் உணவையே தீண்டாத குஞ்சுகளும் உண்டு. நீரின்மேல் மிதக்கும் சிறு பச்சைப்பாசியைத் தூவி அதன்மேல் தீவனத்தைத் தெளித்தும், நெளியும் புழுக்களை இட்டும், ஏற்கெனவே உண்ணக் கற்ற வேறொரு வாத்துக்குஞ்சைத் துணைக்கு விட்டும் இவற்றுக்கு உண்ணப் பழக்குவர். அடையாள வளையத்தைக் கால் சிறுத்திருக்கும் முதல் பத்து நாட்களுக்குள்ளேயே போட்டுவிட வேண்டும்.

ஆண், பெண் அறிவது அழைப்பு வாத்தில் எளிது. ஐந்தாறு வாரங்களில் பெட்டையின் குரல் உரத்தும், ஆணின் குரல் கரகரத்தும் பிரிந்துவிடும். மாண்டரின் ஆண் கோடையில் தன் அலங்கார இறகுகளை உதிர்த்துப் பெட்டையைப் போலவே ஆகிவிடும். அலகின் சிவப்பு மட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

விலை நிர்ணயம்

விலையின் அடிப்படையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். தாய் தந்தையரின் ஆண்டுப் பராமரிப்பும் பொரிப்பானின் செலவும் சேர்ந்து 100 பங்கு என்றும், ஒரு குஞ்சை விற்கும் பருவம் வரை வளர்க்க 20 பங்கு என்றும் கொள்வோம். எட்டுக் குஞ்சுகள் ஆளானால், ஒவ்வொன்றின் அடக்கம் 32.5 பங்கு. நான்கே ஆளானால் 45 பங்கு. காட்சித் தரத்திற்கு வளர்ப்பவரின் நிலை இன்னும் கடினம்: எட்டில் ஒன்றே தரத்திற்குத் தேறி, எஞ்சிய ஏழும் வளர்ப்புச் செலவாகிய 20 பங்குக்கே விலைபோனால், மொத்தச் செலவான 260 பங்கில் 140 திரும்ப, மீதி 120 பங்கும் அந்த ஒரு பறவையின் தலையில் விழும். பரிசுப் பறவைக்கு வளர்ப்பவர் சொல்லும் விலை கேட்டுத் திகைப்போர், அதனோடு பிறந்த மற்ற ஏழையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வடக்கத்தின் மேல் பல காரணங்கள் விலையை ஏற்றியும் இறக்கியும் நிற்கின்றன. காட்டினங்கள் ஜோடியாகவே விலை பேசப்படும், ரத்த சம்பந்தமற்ற ஜோடி என்று வளைய எண்களால் காட்ட முடிந்தால் விலை உயரும், உடன்பிறந்தவை மலிவு. எப்பருவத்திலும் ஆண்கள் மிஞ்சுவதால், தனி ஆணுக்கு விலை குறைவு. தன் துணையை இழந்த ஒருவருக்குப் பெட்டை தேவைப்பட்டால் அதற்கு முழு ஜோடியின் விலையையே கொடுக்க நேரிடும். இறகு முழு வர்ணம் பெறும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் விற்பனை மும்முரமாக இருக்கும். கோடையில் மங்கிய ஆணை மலிவாக வாங்கி, மறுபருவம் வரை பொறுத்திருப்பது அறிந்தோர் செய்யும் காரியம். புதிய நிறங்கள் தோன்றிய முதல் ஆண்டுகளில் மிக உயர்ந்த விலை பெற்று, பலர் கையில் பெருகியதும் விழுந்துவிடும்; முதலீடாக எண்ணி அவற்றை வாங்குவது தகாது.

பொரிக்கும் முட்டைகளை விற்பதும் உண்டு. விலை சிறிதே ஆனாலும் ஆபத்து முழுவதும் வாங்குபவரைச் சார்ந்தது. தபாலில் குலுங்கி வரும் முட்டைகளில் காற்றறை நெகிழ்ந்துபோவதால், அகன்ற முனை மேலாக ஒருநாள் அசையாமல் வைத்திருந்தே பொரிப்பானில் இடுதல் வேண்டும். அவ்வாறு செய்தாலும் பாதிக்கு மேல் பொரிக்குமென்று எதிர்பார்த்தலாகாது. ஒருநாள் குஞ்சில் பால் தெரியாத குறை உண்டு. ஆகவே, அனுபவமற்றவர் சற்று அதிகம் கொடுத்தாவது ஆளான ஜோடியை வாங்குவதே மொத்தத்தில் சிக்கனம்.

சட்டம்

அமெரிக்காவில் கரோலினா தேசத்துப் பறவையாதலால், கூண்டில் பிறந்ததற்கும் ஆறு வாரத்துக்குள் அடையாளமிட வேண்டும். விற்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். அயல்நாட்டதான மாண்டரினுக்கு இவ்விதி இல்லை. பிரிட்டனில் இவ்விரண்டையும் வெளியே திறந்துவிடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1948இல் ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொணரப்பட்ட அமெரிக்கச் செவ்வாத்துகளின் சந்ததி தப்பிப் பரவி, ஸ்பெயினில் அருகிவந்த வெண்தலை வாத்தோடு கலந்து அவ்வினத்திற்கே ஊறு விளைவித்ததால், பிரிட்டிஷ் அரசு அவற்றை ஒழிக்க நேர்ந்தது. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் செவ்வாத்தை இனம் பெருக்குவதும் விற்பதும் தடை. பறவைக் காய்ச்சல் காரணமாக, 2024 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு வாத்து வைத்திருப்பவரும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியவராகிறார்.

இந்தியாவில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, சக்கரவாகம் முதலிய காட்டினங்கள் யாவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. வேடந்தாங்கல் போன்ற ஏரிகளுக்கு வலசை வரும் அவற்றைப் பிடிப்பதோ வளர்ப்பதோ விற்பதோ ஆகாது. வீட்டினங்களுக்கு அத்தடை இல்லை. சந்தையில் அலங்கார வாத்து என்று காட்டப்படும் பறவை இவற்றில் எப்பிரிவைச் சேர்ந்தது, யாரிடம் பொரித்தது, காலில் மூடிய வளையம் உண்டா என்பவற்றை, விலையைக் கேட்கும் முன்னரே வாங்குபவர் கேட்டறிதல் வேண்டும்.